ஒன்று இருபது

துறைமுகத்துக்குப் பின்பக்கம் போகும் தெருவில் கயிற்றுக்கடை, பெயிண்ட் கடை, இன்ஜின் பட்டறை எல்லாவற்றையும் தாண்டி, கடைசிக்கு முந்தின கட்டடம் அவர்களுடையது. கீழே கடை, மேலே வீடு. வாசலில் போர்டு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. உப்புக்காற்று எழுத்துகளைத் தின்று தீர்த்ததும், "எழுதித் தொங்கவிட்டாத்தான் நம்மளைத் தெரியுமா?" என்று புருஷன் அதைக் கழற்றிக் கடைக்குள் பெஞ்சாகப் போட்டுவிட்டார். ஆள் வருவது நிற்கவில்லை. படகில் ஆழம் காட்டும் கருவியோ, திசை காட்டும் கருவியோ, வரைபடம் காட்டும் திரையோ, எது மக்கர் பண்ணினாலும் அந்தத் துறையில் எல்லோரும் இந்தப் புருஷன் பெண்டாட்டியைத்தான் தேடி வந்தார்கள்.

அவள் ஒல்லி. படகின் அடித்தட்டில் இன்ஜினுக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் பூனை மாதிரி நுழைந்துவிடுவாள். அவருக்குத் தொப்பையும் உண்டு, முழங்கால் வலியும் உண்டு. ஆகவே அவர் மேலே சுக்கான் அறையில் திரைக்கு முன்னால் நிற்பார். கல்யாணமான புதிதில் ஏற்பட்ட இந்த ஏற்பாடு இருபத்திரண்டு வருஷமாக மாறவில்லை. துறைமுகத்தில் அவளுக்குக் கீழக்கா என்றும் அவருக்கு மேலண்ணன் என்றும் பெயர் நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

வேலை நடக்கிறது என்றால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். "பச்சை ஒயரு மாட்டிட்டேன்!" என்று அவள் கீழேயிருந்து கத்துவாள். "பச்சை ஒயரு மாட்டியாச்சு!" என்று அவர் மேலேயிருந்து கத்துவார். "பன்னெண்டு வோல்ட்டு வருது!" "பன்னெண்டு வோல்ட்டு!" வெறுமனே 'சரி' என்று சொல்ல இருவருக்கும் அனுமதி இல்லை. சரி என்றால் எதற்குச் சரி, காதில் விழுந்ததற்கா விழாததற்கா என்பது அவள் கட்சி. ஒருவர் சொன்னதை மற்றவர் அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த ஸ்க்ரூவில் கை வைப்பார்கள். பக்கத்துப் படகில் வலை பிரிப்பவர்கள், "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று சிரிப்பார்கள். சிரித்தாலும், தங்கள் படகு என்று வரும்போது இவர்களிடம்தான் கொண்டுவந்து விடுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர்கள் இப்போது பத்தொன்பது நாளாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவளுடைய தம்பி, அக்கரைக்கு ஆள் ஏற்றிப்போகும் பயணிப் படகில் ஓட்டுநர். எட்டு மாதம் முன்பு இந்தத் துறைக்கு மாற்றலாகி வந்தான். வீடு கிடைக்கிற வரைக்கும் என்று கடையின் உள்ளறையில் மெத்தை போட்டுப் படுத்துக்கொண்டான். வீடு கிடைக்கவும் இல்லை, அவன் தேடவும் இல்லை. ஒருநாள் மழையில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து, புது ரேடார் பெட்டி நனையப் பார்த்தது. அவர் அவசரத்தில் தம்பியின் மெத்தையைச் சுருட்டி மாடிப்படியில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டியை நகர்த்தினார். அவ்வளவுதான். அவள் மார்க்கெட்டிலிருந்து வந்தபோது முதலில் கண்ணில் பட்டது படியில் கிடந்த மெத்தை.

"என் தம்பியைவிட உங்களுக்கு அட்டைப்பெட்டி பெருசாப் போச்சா?"

"பெட்டி நனைஞ்சா யாரு ஜவாப்பு?"

"மெத்தை நனைஞ்சா?"

"மெத்தை காயும்மா. ரேடார் காயுமா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அதைக் கேட்ட நேரம் சரியில்லை. அன்றைக்கு மூடிய வாய்கள்தான், பிறகு திறக்கவில்லை. தம்பி வேலை முடிந்து வந்து, தன் மெத்தையைத் தானே தூக்கி மேசைக்கு அடியில் விரித்துக்கொண்டு, "எனக்கே கோவம் வரலியேக்கா, உனக்கு எதுக்கு வருது?" என்று கேட்டான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாப் பேச்சும் தம்பி வழியாகத்தான் போயிற்று. மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்கள். "உங்க மாமாகிட்ட சொல்லு, சோறு ஆறுதுன்னு" என்பாள். அவர் இரண்டு முழம் தள்ளி இருப்பார். தம்பி முகத்தை வைத்துக்கொண்டு, "மாமா, சோறு ஆறுதாம்" என்பான். "உங்கக்காகிட்ட சொல்லு, காரம் ஜாஸ்தின்னு." "அக்கா, காரம் ஜாஸ்தியாம்." ஒருநாள் அவன் பொறுக்கமாட்டாமல், "ரெண்டு கருவிக்கு நடுவுல ஒரு கன்வர்ட்டர் பெட்டி மாட்டுவீங்களே, அதுமாதிரி என்னை மாட்டி வெச்சிருக்கீங்க. அதுக்காவது கரண்டு குடுப்பாங்க" என்றான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. ஆனால் இருவரும் வேறு வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்.

கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு, உலகம் பூராவும் படகு கட்டுகிறவர்களும் கருவி செய்கிறவர்களும் ஒத்துக்கொண்ட முறை உண்டு. பழைய முறையில் ஒரு ஒயருக்கு ஒரே வாய். மற்றதெல்லாம் காது. ஆழக் கருவி பேசினால் திரை கேட்கும், எதிர்த்துப் பேசாது. பேசுகிற ஒவ்வொரு வரியும் ஒரு டாலர் குறியில் தொடங்கும். யார் பேசுவது, எதைப் பற்றி என்று முதலில் சொல்லும். பிறகு கமா போட்டுக் கமா போட்டு எண்கள். கடைசியில் ஒரு நட்சத்திரமும் சரிபார்க்க இரண்டு எழுத்தும். கேட்கிற கருவி தானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, ஒத்து வந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வரியையே தூக்கி எறிந்துவிடும். எண் வழியில் சிதைந்ததா என்றுதான் அது பார்க்கும். எண் உண்மையா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

புது முறை வேறு. படகு நெடுக முதுகெலும்பு மாதிரி ஒரே கேபிள் ஓடும். எல்லாக் கருவிக்கும் அதில் வாயும் உண்டு, காதும் உண்டு. தம்பியின் பயணிப் படகைப் பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை இவர்களுக்கு வந்தது. வந்த நேரம், அந்தப் பத்தொன்பது நாளில் ஐந்தாவது, ஆறாவது நாள். திரை புதிது. ஆழக் கருவி பழையது, ஆனால் நன்றாக இருந்தது. அதை மாற்றவேண்டாம், நடுவில் கன்வர்ட்டர் போட்டால் பழைய பேச்சைப் புதுப் பேச்சாக மாற்றிக் கொடுக்கும் என்று முடிவாயிற்று. அந்த இரண்டு நாளும் தம்பியை மாற்றுப் படகுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, படகில் கீழே அவள், மேலே அவர். நடுவில் யாரும் இல்லை.

படகு வேலை முடிந்து எட்டு நாள் ஓடியது. ஒன்பதாம் நாள் முற்பகல், நீர் வற்றிய வேளையில், முப்பத்தொரு பயணிகளோடு முகத்துவாரத்து மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

உயிருக்கு ஒன்றும் இல்லை. ஒரு பெரியவருக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல். இரண்டு குழந்தைகள் பயந்து அழுது வாந்தி எடுத்தன. மற்றவர்கள் இரண்டரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறுகிற வரைக்கும் ஓட்டுநரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். முகத்துவாரத்தில் இரண்டு வழி உண்டு. சுற்றுவழி எப்போதும் ஆழம். குறுக்குவழியில் தண்ணீர் இரண்டு மீட்டர் இருபதுக்குக் குறையாமல் இருந்தால் போகலாம் என்பது துறைமுக அலுவலகத்தின் விதி. தம்பி குறுக்குவழியில் போனான். திரையில் இரண்டு எண்பது இருந்தது என்றான். மோதிய அதிர்ச்சியில் மெயின் சுவிட்ச் விழுந்து திரை அணைந்துவிட்டது. பின்தட்டில் கயிறோடு நின்ற ஆள் திரையைப் பார்க்கவில்லை. படகு தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் அளவே ஒன்று அறுபது. இரண்டு எண்பது தண்ணீரில் அது எப்படித் தரை தட்டும்?

"தூங்கிட்டான்" என்றது தெரு. "போன் பாத்துட்டு இருந்திருப்பான்" என்றது இன்ஜின் பட்டறை. துறைமுக அலுவலகம் ஒன்றும் சொல்லாமல் அவனுடைய ஓட்டுநர் சான்றிதழை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. படகை ரிப்பேர் துறையில் கட்டி, சுக்கான் அறைக் கதவில் சீல் வைத்தது. வியாழக்கிழமை ஆய்வாளர் வந்து கருவிகளைப் பார்ப்பார். மாட்டியவர்களே வந்து திறந்து காட்டவேண்டும். கருவி சரியாக இருந்தால் சான்றிதழ் நிரந்தரமாகப் போகும். பதினொரு வருஷத் தொழில்.

புதன்கிழமை மத்தியானம் அவள் மீன் வறுத்தாள். தம்பி தட்டின் முன்னால் உட்கார்ந்து முள்ளைக்கூட எடுக்கவில்லை.

"சாப்பிடு."

"பசிக்கலக்கா."

"நீ உண்மையிலயே ரெண்டு எம்பது பாத்தியா?"

"நீயுமா கேக்கற?"

"நான் கேக்காம யாரு கேப்பா? நாளைக்கு அந்த ஆளு கேக்கறப்ப நான் என்ன சொல்றது?"

"பாத்தேன். திட்டுக்கு அந்தப் பக்கம் மூணு அம்பது. அப்பறம் மூணு. அப்பறம் ரெண்டு எம்பது. தொண்ணூத்தஞ்சு தடவை அந்த வழியில போயிருக்கேன். தூங்கிக்கிட்டா ஓட்டுவேன்?"

அவர் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடாமலே, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மாப்ள, நம்ம கருவி தப்பாக் காட்டாது. இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு கம்ப்ளெயிண்ட் வந்ததில்ல."

அவள் திரும்பினாள். "அப்ப என் தம்பி பொய் சொல்றானா? கேளுடா உங்க மாமாவை."

தம்பி கேட்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டான். கன்வர்ட்டர் பெட்டியும் வேலையை நிறுத்திவிட்டது.

புருஷன் சொன்னது சரியாக இருந்தால் தம்பி தொலைந்தான். தம்பி சொன்னது சரியாக இருந்தால் கடை தொலைந்தது. பாத்திரம் கழுவும்போது அந்த இரண்டு நாள் வேலையை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். கேபிள் சரி. இரண்டு முனையிலும் மின்தடை மூடி போட்டது சரி, மல்டிமீட்டரில் காட்டவேண்டிய அறுபது ஓம் காட்டியது. மின்சாரம் சரி. எங்கேயும் தப்புத் தட்டவில்லை.

வியாழக்கிழமை காலை மப்பும் மந்தாரமுமாக இருந்தது. இருவரும் கருவிப் பையோடு ரிப்பேர் துறைக்கு நடந்தார்கள். அவர் நான்கடி முன்னால், அவள் நான்கடி பின்னால். தம்பி ஏற்கெனவே போய்ப் படகுக்கு வெளியே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். ஆய்வாளருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையும் கோப்பும் மாறி மாறிக் கைக்கு வந்தன. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் சளி பிடித்தவருக்கு உலகத்தின் மேல் இருக்கும் சந்தேகம் முழுசாக இருந்தது.

"உங்க வேலைச்சீட்டு எங்கே?"

அவர் எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு மஞ்சள் சீட்டு போடுவது அவர்கள் வழக்கம். அவள் பகுதியை அவள் எழுதுவாள், அவர் பகுதியை அவர். ஆய்வாளர் விரலை வைத்து வரிவரியாகப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார்.

"கயிறு விட்டு அளந்த ஆழம் ரெண்டு தொண்ணூறு. காலைல பத்து மணி. இது யாரு எழுதினது?"

"நான் சார்" என்றாள்.

"திரையில் பார்த்த ஆழம் நாலு தொண்ணூறு. சாயங்காலம் நாலு மணி. இது?"

"நான்" என்றார்.

"கயித்தையும் திரையையும் ஒரே நேரத்துலதானே பாக்கணும்? ஒருத்தர் கயிறு விட்டுச் சொல்ல, ஒருத்தர் திரையைப் பாத்துச் சொல்ல?"

"அப்படித்தான் பண்ணுவோம் சார்."

"நடுவுல ஆறு மணி நேரம் இருக்கே."

"சாயங்காலம் தண்ணி ஏறியிருந்துச்சு" என்றார் அவர். சொல்லும்போதே அந்த விடை அவருக்கே போதவில்லை என்பது அவருடைய பின்கழுத்திலேயே தெரிந்தது. அந்தத் துறையில் தண்ணீர் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் ஏறி அவள் பார்த்ததில்லை. இரண்டு மீட்டர் எப்படி ஏறும்?

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். தும்மல் வந்தது. "சரி. தெறந்து காட்டுங்க. நீங்க போட்ட ஒவ்வொண்ணையும் சொல்லிச் சொல்லிக் காட்டணும்" என்று சீலை உடைத்தார்.

அவள் அடித்தட்டுக்குள் இறங்கினாள். டீசல் வாடை, துருவின் வாடை, மோதியதில் ஊறிய தண்ணீரின் பாசி வாடை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கன்வர்ட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். அதன் உள்ளமைப்பைப் படித்துக் காட்டும் கைக்கருவியை மாட்டி, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

ஆழக் கருவியின் கண், படகின் அடிவயிற்றில், நீர்மட்டத்துக்கு ஒன்று இருபது கீழே இருக்கிறது. அது தனக்குக் கீழே இருக்கும் தண்ணீரை மட்டும்தான் அளக்கும். தனக்கு மேலே இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே அது சொல்லும் எண்ணோடு ஒன்று இருபதைக் கூட்டினால்தான் மொத்த ஆழம் வரும். இதைக் கன்வர்ட்டரிலும் கூட்டலாம், திரையிலும் கூட்டலாம். ஏதாவது ஓரிடத்தில் கூட்டினால் போதும்; பெரும்பாலும் அவள்தான் கீழே கூட்டுவாள். கூட்டிவிட்டு, "ஒண்ணு இருபது கீழ போட்டுட்டேன்!" என்று கத்துவாள். "ஒண்ணு இருபது கீழ போட்டாச்சு!" என்று மேலேயிருந்து வரும். அவர் திரையில் பூஜ்யமாக விட்டுவிடுவார்.

இப்போது அவள் முன்னால் 1.20 என்று தெளிவாக இருந்தது. அவள் போட்டதுதான். போட்ட நாளும் ஞாபகம் வந்தது. எண்ணை அழுத்திவிட்டு வாயைத் திறந்தவள், 'நான் எதுக்குக் கத்தணும், வேணும்னா வந்து கேக்கட்டும்' என்று மூடிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

டார்ச் வாயிலிருந்து நழுவி இன்ஜின் மேல் விழுந்தது.

அவள் அதை எடுக்கவில்லை. இருட்டில் உட்கார்ந்தபடியே, பத்தொன்பது நாளுக்குப் பிறகு முதல்முறையாகத் தன் புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

"ஒண்ணு இருபது கீழ இருக்கு!"

மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆய்வாளரின் தும்மல் எங்கோ வெளியே, முன்தட்டுப் பக்கம் கேட்டது. மூக்கைச் சிந்த வெளியே போயிருக்கிறார். அப்படியானால் சுக்கான் அறையில் புருஷன் தனியாக நிற்கிறார். அவரும் திரையில் ஒன்று இருபது போட்டிருந்தால், இரண்டு பொத்தான் அழுத்தினால் அது பூஜ்யமாகிவிடும். மூன்று நொடி வேலை. பிறகு கருவி சரி, கடை சரி, இருபத்திரண்டு வருஷமும் சரி. தம்பி மட்டும் தூங்கிவிட்டவன். அவர் அப்படிச் செய்யக்கூடிய மனிதரா என்று அவளை யாராவது கேட்டிருந்தால், சண்டைக்குப் போயிருப்பாள். ஆனால் அந்த இருட்டில், பதில் வராத அந்த நேரத்தில், அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

"என்னங்க! காதுல விழுதா? ஒண்ணு இருபது கீழ இருக்கு!"

தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது. ஒரு கால் மாறி இன்னொரு கால் வைத்தார். பிறகு தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"ஒண்ணு இருபது கீழ இருக்கு!" என்று அவர் முதலில் அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னார். எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தப் பழக்கம் விடவில்லை. பிறகு, முன்தட்டில் இருந்த ஆய்வாளருக்கும், வெளியே மரக்கட்டையில் இருந்த தம்பிக்கும், பக்கத்துப் படகில் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவனுக்கும் கேட்கும்படி கத்தினார். "மேலயும் ஒண்ணு இருபது இருக்கு!"

"மேலயும் ஒண்ணு இருபது இருக்கு" என்றாள் அவள். கத்த வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஆய்வாளர் உள்ளே வந்து திரையைப் பார்த்தார், குனிந்து அடித்தட்டைப் பார்த்தார், கோப்பில் ஏதோ கூட்டிக் கழித்துப் பார்த்தார். "அப்போ உண்மையான ஆழம் ஒண்ணு அறுபது இருந்தப்ப, இது ரெண்டு எம்பது காட்டியிருக்கும்."

"ஆமா சார்."

"ரெண்டு பேரும் தனித்தனியாப் போட்டிருக்கீங்க. எப்படி?"

அவள் அதற்குள் மேலே வந்துவிட்டாள். முகமெல்லாம் கிரீஸ். புருஷன்தான் பதில் சொன்னார். "கீழ போட்டா ஒரு குரல் குடுப்பா சார். அன்னிக்கு குரல் வரல. மறந்துட்டா போலன்னு நெனச்சேன். பரவால்ல, நாமளே போட்டுடுவோம், எதுக்குச் சொல்லிக் காட்டணும்னு திரையில போட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமே?"

"பேசிக்கல சார்."

"யாரு?"

"நாங்க ரெண்டு பேரும்."

ஆய்வாளர் பேனாவை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கவேண்டும். மேற்கொண்டு காரணம் கேட்கவில்லை. 'கருவி பொருத்தியவர்களிடையே தகவல் பரிமாறப்படவில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டார். துறைமுகப் படகுகளில் வேலை செய்ய இவர்களுக்கு இருக்கும் அங்கீகாரம் ஒரு வருஷத்துக்கு நிறுத்தி வைக்கப்படும் என்றார். ஓட்டுநர் மேல் தவறு இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளலாம் என்றார். பிறகு தும்மினார்.

திரும்பும்போது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். கயிற்றுக்கடையைத் தாண்டியதும் அவள் கேட்டாள். "மேல பதில் வர அவ்வளவு நேரம் ஏன்?"

"அழிச்சிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் மறுபடி கத்தினியா?"

"ஆமா."

"நல்லவேளை" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் காரியமாக ரேடார் பெட்டியைத் தள்ளி, மேசைக்கு அடியில் கிடந்த மெத்தையை இழுத்துப் பழைய இடத்தில் விரித்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு தலையணையைக்கூடத் தட்டிப் போட்டார். அவள் பார்க்காததுபோல் பார்த்தாள்.

சாயங்காலம் சீக்கிரமே சமைத்தாள். முட்டை உடைத்துப் போட்டுக் குழம்பு. மூன்று தட்டு வைத்தாள். "சோறு ஆறுது, வாங்க" என்றாள். தம்பி பழக்கதோஷத்தில், "மாமா, சோறு ஆறு…" என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டான். மூவரும் சிரித்தார்கள். எதிர் எதிராக, முகம் பார்த்து. ஒரு வருஷத்துக்கு அங்கீகாரம் இல்லை, தனியார் படகுகளை வைத்துத்தான் பிழைக்கவேண்டும். இருந்தாலும் அன்றைக்குக் குழம்பு ருசித்தது.

இரண்டாவது பிடி வாய்க்குப் போகும் முன் தம்பி சோற்றைத் தட்டில் வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்ட்டுட்டு சொல்லு."

"இல்ல. இப்பவே சொல்லிடறேன். எனக்கு மொத நாளே தெரியும்."

"என்ன தெரியும்?"

"படகு வேலை முடிஞ்சு கைக்கு வந்த அன்னிக்கு. நம்ம துறைக் கம்பத்துல நீர்மட்டப் பலகை இருக்குல்ல, அதுல மூணு. ஸ்கிரீன்ல நாலு இருபது. என்னடா இதுன்னு பாத்தேன். வீட்டுக்குப் போய்க் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டேதான் வந்தேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "கேக்கலியே மாப்ள."

"எப்படிக் கேக்கறது? உள்ள வந்தா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்திருக்கீங்க, அக்கா இந்தப் பக்கம். என்னாலதான் இந்தச் சண்டையே. இதுல அக்கா வேலை தப்புன்னு சொன்னா அக்காவுக்கு ரோஷம் வரும், மாமா வேலை தப்புன்னு சொன்னா மாமா இன்னும் நாலு நாள் பேசமாட்டார். நீங்க போட்டது தப்பா இருக்காது, பலகையைத்தான் யாரோ மேல ஏத்தி அடிச்சிருப்பாங்கன்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். மூணாம் நாள் கண்ணு பழகிடுச்சு. அப்பறம் பலகையைப் பாக்கறதே இல்ல."

குழாயில் நீர் சொட்டும் சத்தம் கேட்டது. அவளுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் வந்தது பயம்தான்.

"இதை அந்த ஆளுகிட்ட சொல்லலியே?"

"சொல்லல. நாளைக்குச் சொல்லப்போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? சான்றிதழ் கைக்கு வந்த மாதிரிதான். பழி பூரா நாங்க வாங்கிக்கிட்டோம். நீ எதுக்கு வாயத் தெறக்கற?"

"அந்தப் பெரியவர் கைல கட்டோட நேத்து துறைக்கு வந்தாருக்கா. 'நீ பாத்து ஓட்டியிருக்கக்கூடாதா தம்பி'ன்னு கேட்டார். திட்டக்கூட இல்ல."

"சொல்லாதடா. ஒரு பத்து மணி வரைக்கும் வாயை மூடிட்டு இரு. அவ்வளவுதானே?"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவள் காதில் விழுந்தது. பத்தொன்பது நாள் மூடியிருந்த வாயால், இன்னொருவனை வாயை மூடச் சொல்கிறாள். புருஷனைப் பார்த்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னா என்ன ஆகும் மாமா?" என்று கேட்டான் தம்பி.

"கருவி சந்தேகமா இருந்தா ஓட்டுநர் எழுதிக் குடுக்கணும்னு விதி இருக்கு. நீ குடுக்கல. ஆறு மாசம் சுக்கானைத் தொடவிடமாட்டான். கயிறு கட்டற வேலைதான் தருவான்."

"ஆறு மாசமா?"

"ஆறு மாசம்" என்றார். பிறகு, "நானும் வரேன்" என்றார்.

அவள் எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். "நான் மட்டும் இங்க என்ன பண்ணப்போறேன்? நானும் வரேன். மொதல்ல சாப்பிடு, ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் பத்து மணிக்கு ஆய்வாளர் சான்றிதழை மேசைமேல் தயாராக எடுத்து வைத்திருந்தார். மூக்கு சிவந்திருந்தது, காதும் அடைத்திருந்தது. தம்பி கையெழுத்துப் போடாமல் நின்று பேச ஆரம்பித்ததும், கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். கேட்கக் கேட்க அவர் கை தானாகவே சான்றிதழைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"எண்ணைச் சரியாச் சொல்லுங்க. பலகைல எவ்வளவு?"

"மூணு" என்றான் தம்பி.

"எவ்வளவு?"

அவள் தம்பியின் வலப்பக்கம் நின்றிருந்தாள். அடித்தட்டுக்குள்ளிருந்து கூப்பிடுகிற அதே குரலில், "பலகையில மூணு!" என்றாள்.

"திரையில?"

"நாலு இருபது" என்றான் தம்பி.

"திரையில நாலு இருபது!" என்றார் இடப்பக்கம் நின்றிருந்த அவள் புருஷன்.

அலுவலகத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆய்வாளர் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார்.